மலை ஏரிகளில் மோட்டார் படகு
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடற்கரையில் குறைவின்றி ஓடிய அவுட்போர்டு மோட்டார் ஒன்றை ஒரு சங்கத்தார் மலைமேலுள்ள ஏரிக்குக் கொண்டு சென்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே படகு மந்தமாக நகருகிறது, புகை கறுக்கிறது, பெட்ரோல் வீணாகிறது. உடனே, "விற்றவர் ஏமாற்றிவிட்டார், வேறு மோட்டார் வாங்கவேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவருவார்கள். பொதுப்பணத்தை இவ்வாறு செலவிடுமுன் காரணத்தை ஆராய்வது நமது கடமையாகும்.

மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகிறது. உதகமண்டலத்து ஏரி கடல் மட்டத்திற்கு 7,000 அடிக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கே. தென் அமெரிக்காவில் பெரு, பொலீவியா நாடுகளுக்கிடையே சுமார் 12,500 அடி உயரத்திலுள்ள டிட்டிகாக்கா ஏரியில் இன்னும் குறைவு. ஆயிரம் அடிக்கு நூற்றுக்குச் சுமார் 3 பங்கு வீதம் மோட்டாரின் சக்தி குறையும். ஆகவே 7,000 அடியில் பத்துக் குதிரைச்சக்தி மோட்டார் எட்டுக் குதிரைச்சக்தியே தரும். இழந்த இச்சக்தியை எந்தத் திருத்தத்தாலும் முழுதும் மீட்க இயலாது. எஞ்சியதைச் செவ்வையாகப் பயன்படுத்தலாம். அதற்கு வழி இரண்டு.

முதலாவது விசிறி. அது ஒரு சுற்றில் நீரைத் துளைத்து முன்செல்லவேண்டிய தூரத்தைப் 'பிட்ச்' என்பர். சக்தி குறைந்த மோட்டார் பெரிய பிட்ச் உள்ள விசிறியைச் சுழற்ற மாட்டாமல் திணறும். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். மோட்டார் புத்தகத்தில் முழு வேகத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்றிருக்க, உங்களுடையது 4,800 காட்டினால், 13 அங்குல விசிறிக்குப் பதில் 11 அங்குல விசிறி மாட்டிப் பாருங்கள். வழக்கமான பாரத்தை ஏற்றி, சுற்று எண்ணும் கருவியைக் கொண்டே சோதிக்கவேண்டும்; காதால் கேட்டு மதிப்பிடலாகாது.

இரண்டாவது கார்புரேட்டர். விறகைத் திணித்துக் காற்றை அடைத்தால் அடுப்பு எரியாமல் புகைவதை நம் வீடுகளில் காண்கிறோம். மலையில் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. ஆதலால் மோட்டாரும் அவ்வாறே புகைகிறது. ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருப்பதே இதற்கு அடையாளம். பெட்ரோலை அளந்துவிடும் 'ஜெட்' என்னும் துளைத் திருகை, அந்த உயரத்திற்கு மோட்டார் கம்பெனி குறிப்பிட்ட சிறிய அளவுக்கு மாற்றவேண்டும். கம்பியால் துளையைக் குடையவோ, ஈயம் வைத்து அடைக்கவோ கூடாது. எரிபொருளைத் தானே அளந்து செலுத்தும் புதுவகை மோட்டார்களுக்கு ஜெட் மாற்றும் வேலை இல்லை. ஆனால் அவற்றுக்கும் சக்தி குறையும், விசிறியைப் பார்க்கவேண்டும்.

சிலர் புகையைக் கண்டு, பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைக் குறைக்கிறார்கள். இது பெருந்தவறு. அவ்வெண்ணெயே பிஸ்டனைத் தேயாமல் காக்கிறது. மலையானாலும் சமவெளியானாலும் புத்தகத்திற் கண்ட விகிதமே விகிதம்.

இனி, மிக முக்கியமானதொன்று. மலையில் மாற்றிய மோட்டாரை அப்படியே கீழே கொண்டுவந்து ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் உஷ்ணம் மிகும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சிறு பிட்ச் விசிறியால் சுற்றும் வரம்பு மீறும். நடு நீரில் மோட்டார் நின்றால் படகிலுள்ளோர் உயிருக்கே ஆபத்து. ஆகையால் கழற்றிய ஜெட்டையும் விசிறியையும் அளவெழுதிய சீட்டுடன் சங்கத்தில் பத்திரமாக வையுங்கள். எந்த உயரத்திற்கு எது மாட்டப்பட்டிருக்கிறது என்பதை மோட்டாரிலேயே ஒரு தகட்டில் கட்டித் தொங்கவிடுங்கள். சங்கத்துப் பதிவுப் புத்தகத்திலும் தேதியுடன் எழுதுங்கள்.

சக்தி குறைந்த இடத்தில் பாரத்தையும் குறைப்பதே விவேகம். கடலில் எட்டுப் பேரை ஏற்றிய படகு இங்கேயும் எட்டுப் பேரை ஏற்றவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். துடுப்பும் மிதவைச் சட்டைகளும் எப்பொழுதும் படகில் இருக்கட்டும்.

ஒரு விசிறியும் ஒரு ஜெட்டும் வாங்கும் செலவு, புது மோட்டார் விலையில் மிகச் சிறு பகுதியே. அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எழுதுமுன், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுற்றை எண்ணிப் பாருங்கள்.