காற்றுக்கு ஒரு சீப்பு

(சிற்பக்கலை பயிலும் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

 

சற்றுமுன் வாயிலில் தம்பி ஒருவர் என்னை நிறுத்தித் தாம் செய்த இரும்பு வளைவு ஒன்றைக் காட்டினார். "ஐயா, இதில் முகமில்லை, கைகாலில்லை, ஆதலின் இது தமிழ்க்கலை ஆகாதென்று நம் இயக்கப் பெரியவர்களே கடிந்துகொள்கின்றனர். தாங்கள் என்ன சொல்கின்றீர்கள்?" என்று வினவினார். அவர் கண்களில் நீர் திரையிட்டிருந்தது. எழுதிக் கொணர்ந்த உரையை மடித்து வைத்துவிட்டேன். அவ்வினாவுக்கு விடையாக அயலினத்துச் சிற்பி ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லுகின்றேன்.

அவர் பெயர் எதுவார்தோ சில்லிதா, பாசுக்கு இனத்தவர். பிரான்சும் இசுபானியமும் பங்கிட்டுக்கொண்ட கடலோர மலைநாடு அவ்வினத்தின் தாயகம். இசுபானியர் சான் செபாசுத்தியன் என்றும் அம்மக்கள் தொனோசுத்தியா என்றும் வழங்கும் நகரில் 1924இல் பிறந்தார். இளமையில் அந்நகரின் பெயர்பெற்ற கால்பந்துக் குழுவில் இலக்குக் காவலராக நின்றார். முழங்காலில் பட்ட அடி அவ்வாழ்வை முடித்தது. மத்ரீதில் கட்டடக்கலை பயின்று இடையில் விட்டார். வரையுங்கால் வலக்கை மிக எளிதாக ஓடுவதைக் கண்டு அஞ்சி, இடக்கையால் வரையத் தொடங்கினாராம். எண்ணத்தைக் கை முந்திவிடலாகாது என்பது அவர் கருத்து. நாள்தோறும் எழுதிக் குவிக்கும் நம்மவர் சிலர்க்கும் அந்நோன்பை நான் பரிந்துரைப்பேன்!

1948இல் பாரிசு சென்று, கிரேக்கப் பழஞ்சிலைகளில் உள்ளம் பறிகொடுத்து, வெண்சுதையில் மாந்த உடல்களை வடித்தார். சின்னாளில் கை ஓயலாயிற்று. கிரேக்கத்தின் வெள்ளொளி தம்முடையதன்று. மழையும் முகிலும் கவிந்த தம் கடற்கரையின் கருமை தோய்ந்த ஒளியே தமக்குரியது என்று தெளிந்து 1951இல் தாயகம் மீண்டார். எர்னானி என்னும் ஊரில் கொல்லன் உலைக்களத்தில் இரும்பை அடிக்கக் கற்றார். இரும்புக் கனிமமும் கொல்லுலையும் அந்நாட்டின் பல நூற்றாண்டுச் செல்வங்கள். ஆக, அவர் புதியதொன்றைத் தேடிச் செல்லவில்லை. தம் ஊர்க் கொல்லனிடமே சென்றார்.

அக்கால நிலையையும் அறிதல் வேண்டும். படைத்தலைவன் பிராங்கோவின் கொடுங்கோலாட்சி 1939 முதல் 1975 வரை நீடித்தது. பாசுக்கு மக்களின் தாய்மொழி எயுசுகரா. ஞாலத்தில் வேறெம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. அது பள்ளியினின்றும் பொதுவாழ்வினின்றும் விலக்கப்பட்டது. குழந்தைக்குத் தாய்மொழிப் பெயரிடத் தடை. கல்லறையில் பொறித்த எயுசுகரா எழுத்துகளையும் நீக்குமாறு ஆணைகள் பிறந்தன. அந்நாளில், 1951இல், சில்லிதா தம் முதல் இரும்புப் படைப்பைச் செய்து முடித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'இலாரிக்'. அஃது எயுசுகராச் சொல். நம் வழக்கில் சொன்னால் நடுகல். அதில் ஓர் எழுத்துமில்லை, முகமுமில்லை. பெயர் ஒன்றே பேசிற்று.

அவர் படைப்புகள் அனைத்திற்கும் தாய்மொழியில் பெயரிட்டார் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். இசுபானியப் பெயர்களும் பல உள. ஆயினும், 1958இல் வெனிசு நகரக் கலைவிழாவில் சிற்பத்திற்கான பெரும்பரிசைப் பெற்ற பின்னர், அவர் படைப்புகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் ஏறியபொழுது, எயுசுகராச் சொற்களும் உடன் ஏறின. உள்நாட்டில் வாய்பூட்டப்பட்ட மொழி வெளிநாட்டுச் சுவர்களில் பெயர்ப்பலகையாய் நின்றது!

மற்றொன்று. அரான்சாசு மலைக்கோயிலின் கதவுகளை 1954இல் கழிவு இரும்புத் தகடுகளால் அவர் செய்தார். தூயர் உருவங்கள் வேண்டிய இடத்தில் வெறும் கோண வடிவங்களே அமைத்தார். அக்கோயில் முகப்பிற்கு ஒத்தெய்சா என்னும் பாசுக்குச் சிற்பி வடித்த சிலைகளைத் திருச்சபை தடுத்துவிட்டது. அவை 1969இல்தான் மேலேறின. அதற்கு முந்தைய ஆண்டு, 1968இல், எயுசுகராப் பேரவை அதே அரான்சாசுவில் கூடித்தான், பல வட்டார வழக்குகளாய்ச் சிதறிக்கிடந்த மொழிக்குப் பொது எழுத்துவழக்கு வகுக்க முடிவெடுத்தது. புதுக்கலையும் மொழிமீட்பும் ஒரே மலையில் இடங்கண்டன என்க.

இனி 'காற்றின் சீப்பு'. எயுசுகராவில் 'ஐசேயாரென் ஒர்ராசியா'. இக்கருத்தை 1950களின் தொடக்கத்திலிருந்தே அவர் பலமுறை சிறிய அளவில் செய்து பார்த்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 தொன் எடையுள்ள மூன்று எஃகுக் கொடுங்கரங்கள், 1976இல், தொனோசுத்தியாவின் கடலோரப் பாறைகளில் ஊன்றப்பட்டன. இரண்டு அண்மையில் ஒன்றையொன்று நோக்கும். மூன்றாவது அப்பால், தொடுவானத்தை நோக்கித் தனித்து நிற்கும். ஊருக்குள் புகும் காற்று இவ்விரல்களின் இடையே வாரப்பட்டுப் புகும்! கட்டடக் கலைஞர் பேஞ்ஞா கான்செகி முன்னால் கருங்கல் முற்றம் அமைத்து, அதில் ஏழு துளைகள் இட்டார். அலை பாறைக்கடியில் மோதும்போதெல்லாம் துளைகளினூடே காற்றும் நீர்த்துவலையும் சீறியெழும். சிறுவர் அவற்றின்மேல் நின்று கூவுவர். எஃகு துருவேறிப் பாறையின் நிறமே பெற்றுவிட்டது. அவ்வூரார்க்கு அஃது அடையாளமே ஆயிற்று.

கெர்னிக்காவைச் சொல்லாது விடலாகாது. பாசுக்கு மக்கள் கருவாலி மரத்தடியில் மன்றம் கூடிய ஊர் அது. 1937 ஏப்பிரல் 26இல் செருமானிய, இத்தாலிய வானூர்திகள் குண்டு பொழிந்து அதனை எரித்தன. அங்கே 1988இல் கற்காரையால் சில்லிதா எழுப்பிய திறந்த பெருவளைவின் பெயர் 'குரே ஐத்தாரென் எச்சேயா'. 'எம் தந்தையின் வீடு'. 'நம் தந்தை' என்பதா, 'எம் தந்தை' என்பதா? எயுசுகராவில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். தமிழ்தான் நம்மைத் தெரிந்தெடுக்கச் சொல்கின்றது. எரித்தவனையும் உளப்படுத்தி 'நம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே 'எம்' என்றேன். பாவலர் அரெசுத்தி 'என் தந்தையின் வீடு' என்று முன்னரே பாடியிருந்ததால், பெயரைக் கேட்ட அளவிலேயே அம்மக்கட்கு அப்பாடல் நினைவில் எழும்.

குறையும் உண்டு, மறைப்பது அறமன்று. கனேரித் தீவுகளில் திந்தாயா என்னும் மலையின் உள்ளே ஏறத்தாழ 50 மீட்டர் அளவுள்ள வெற்றிடத்தைக் குடைய அவர் திட்டமிட்டார். இசுபானியர் வருமுன் அங்கு வாழ்ந்த தொல்குடியினர் அடிச்சுவடுகளைப் பொறித்து வழிபட்ட மலை அது. இயற்கைக் காவலர் எதிர்த்தனர்; அது நிறைவேறவில்லை. நிறைவேறாததே நன்று என்பேன். தம் இனத்தின் நடுகல்லை உணர்ந்தவர் மற்றோர் இனத்தின் மலையை வெறுங்கல்லாகக் கண்டது எனக்கு இன்றும் வருத்தமே.

2002இல் அவர் மறைந்தார். எர்னானிக்கருகே பழைய உழவர் வீடொன்றைச் செப்பனிட்டுச் சுற்றிலும் தம் படைப்புகளைப் புல்வெளியில் நிறுத்தியிருந்தார். அவ்விடத்தின் பெயர் 'சில்லிதா லெக்கு'. 'லெக்கு' என்றால் இடம்.

வாயிலில் நின்ற தம்பி, உன் இரும்பு வளைவை நான் நன்றாகவே பார்த்தேன். வளைவில் பிழையில்லை. அதன் கீழே தொங்கும் அட்டையில் 'பெயரிலி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கின்றாய். கூட்டம் முடிந்ததும் அந்த அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வா, பேசுவோம்.