முப்பதாவது கிலோமீட்டரில் நிற்க ஆள் வேண்டும்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் விவகாரமும் முடிந்ததும் பத்து நிமிடம் தருகிறேன் என்றார் செயலாளர். லிஃப்ட் விவகாரம் முடியவில்லை என்பது எனக்கும் தெரிகிறது. கீழே வாட்ச்மேன் கேட்டைப் பூட்டுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

வருகிற ஜனவரியில் சென்னை மாரத்தானில் நம் குடியிருப்பிலிருந்து ஐந்து பேர் முழு தூரமும் ஓடுகிறார்கள். நான் ஓடுகிற ஆள் இல்லை. போன முறை வேனில் போய் ரோட்டோரம் நின்று கத்திவிட்டு வந்த ஏழு பேரில் ஒருவன். இந்த முறை பன்னிரண்டு பேராவது வர வேண்டும் என்று கேட்கத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

போன வாரம் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஓடுறவங்க ஓடுறாங்க. கை தட்டறதுக்காக சென்னை வரைக்கும் போகணுமா சார்?" நியாயமான கேள்வி. ஆனால் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வி இல்லை. சித்திரைத் தேருக்குச் சமயபுரம் நடந்து போகிற கூட்டத்தை நாம் வருஷாவருஷம் பார்க்கிறோம். காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், கொள்ளிடம் பாலம், நம்பர் ஒன் டோல்கேட் என்று ராத்திரி முழுக்கப் போகிறார்கள். வழியெங்கும் நீர்மோர், பானகம் வைத்துக்கொண்டு நம்மவர்கள் நிற்கிறார்கள். வெறுங்காலுக்குச் சுடக்கூடாது என்று ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அவர்களை யாரும் வேலையற்றவர்கள் என்று சொல்வதில்லை. சமயபுரத்தாளே பக்தர்களுக்காக இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடப்பதாகத்தானே ஐதீகம்? பாதி வழியில் நின்று ஒருவருக்குத் துணை செய்வது நமக்குப் புது விஷயம் இல்லை. இடம்தான் மாறுகிறது.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாரத்தான் 42.195 கிலோமீட்டர். நம் ராஜகோபுரத்திலிருந்து கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, கரூர் ரோட்டில் முக்கொம்பு வரைக்கும் போய், அதே வழியில் திரும்பி வந்தால் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். பஸ்ஸில் போனாலே நமக்கு இடுப்பு வலிக்கிற தூரம். அந்த 195 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே முடியும்படி வைத்தார்கள். அந்தக் கணக்கையே 1921-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ராணிக்காகப் போட்ட கோட்டை இன்றைக்கு நம் பி பிளாக் மாமி ஓடித் தாண்டுகிறார்.

இதில் எல்லாரும் போய் நிற்க ஆசைப்படுவது தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான். போட்டோ நன்றாக வரும். ஆனால் காலை நான்கு மணிக்கு நேப்பியர் பாலத்தில் கிளம்பும்போது அவர்களுக்கு நாம் தேவையில்லை, பாட்டும் கூட்டமும் இருக்கிறது. முடிகிற இடத்தில் கோடே இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து பலருக்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டித் தீர ஆரம்பிக்கும். 'சுவரில் முட்டுகிற இடம்' என்று ஓட்டக்காரர்கள் சொல்வது அதைத்தான். நம் முக்கொம்புக் கணக்கில் சொன்னால், திரும்பி வரும்போது முத்தரசநல்லூர் பக்கம். நம் ஆட்கள் வேகத்துக்கு அந்த இடம் வர மணி எட்டாகிவிடும். வெயில் ஏறியிருக்கும், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டிபன் சாப்பிடப் போயிருப்பார்கள். அங்கேதான் ஆள் வேண்டும்.

வேன் பின்னாலேயே வராது, ரோட்டை மறித்திருப்பார்கள். அதனால் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒன்று முப்பதிலும் இன்னொன்று முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் முன்னாலும் நிற்பதாகத் திட்டம். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை முதல் நாளே ஓடுகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இடது பக்கம் நிற்போம் என்று தெரிந்தால் இரண்டு கிலோமீட்டர் முன்னாலிருந்தே கண் இடது பக்கம் தேடும். அந்த இரண்டு கிலோமீட்டர் சும்மா கிடைத்த மாதிரி என்று மாமியே சொன்னார். அடையாளத்துக்குப் போன முறை எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் கொண்டுபோனோம். அதைவிடச் சத்தமான பொருள் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள்.

பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முப்பதில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால், பன்னிரண்டு பாக்கி இருப்பது அவர்களுக்குத் தெரியாதா? கோபம்தான் வரும். "அடுத்த தண்ணீர் மேஜை அந்த வளைவில்" என்று உண்மையானதைச் சொன்னால் போதும். கேள்வி கேட்டுப் பேச வைக்காதீர்கள், மூச்சு வீணாகும். ஒரே ஒரு கேள்விக்கு விதிவிலக்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சாப்பாடு. நம்மால் சாப்பாடு இல்லாமல் அன்பு காட்ட முடியாது. போன முறை தயிர் சாதம் வந்தது, போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். ஓடுகிறவர்கள் முதல் நாளே தாங்களாக எதைக் கொடுத்து வைக்கிறார்களோ அதை மட்டும், போட்டி விதி அனுமதிக்கிற இடத்தில் கொடுங்கள். தண்ணீரை வற்புறுத்தவே கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டே போனது அதற்கு முக்கியக் காரணம். முற்றினால் உயிருக்கே ஆபத்து. "ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க" என்று நாம் பாசத்தோடு கெஞ்சுவது அங்கே பாசமாக வேலை செய்யாது.

தொடவும் கூடாது. 1908 ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி முதல் ஆளாக ஸ்டேடியத்துக்குள் வந்தார். திசை தெரியாமல் தடுமாறினார், திரும்பத் திரும்ப விழுந்தார். பார்க்கப் பொறுக்காமல் அதிகாரிகளே தூக்கி நிறுத்திக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அந்த உதவிக்காகவே தங்கம் பறிபோயிற்று. ராணி இரக்கப்பட்டு ஒரு கோப்பை கொடுத்தார், அது வேறு.

பார்வையாளர் எவ்வளவு கெடுக்கலாம், எவ்வளவு காக்கலாம் என்பதற்கு 2004 ஏதென்ஸைப் பாருங்கள். பிரேசிலின் வாண்டர்லெய் டி லிமா முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டியிருந்த சமயம், ஒருவன் ஓரத்திலிருந்து பாய்ந்து அவரைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டான். அதே கூட்டத்தில் நின்ற ஒரு கிரேக்கர்தான் இழுத்து விடுவித்தார். டி லிமா மூன்றாவதாக வந்தார், கைகளை விமானம் மாதிரி விரித்துச் சிரித்துக்கொண்டே. 2016-இல் ரியோ ஒலிம்பிக் கொப்பரையை ஏற்றியவர் அவர்தான்.

இப்போது நம் கதை. நான்காவது மாடி சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். போன முறை முப்பத்துநான்காவது கிலோமீட்டரில் நின்ற எங்களை நோக்கி வந்தார். ஓட்டம் நேர்கோட்டில் இல்லை. தாம்பாளம் தட்டினோம், எங்கள் பக்கம் திரும்பவில்லை. சி பிளாக் அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் ரோட்டோரமாகக் கூடவே நடந்துகொண்டு, "சார், உங்க ஃப்ளாட் நம்பர் என்ன?" என்றார். அவர் சொன்னது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் நம்பர். அதைக் காலி செய்து பதினொரு வருஷம் ஆகிறது.

எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. எட்டு கிலோமீட்டர்தானே, நடந்தாவது முடிக்கட்டும், ஒரு வருஷ உழைப்பு என்றார் ஒருவர். அக்கா கேட்கவில்லை. முன்னால் போய் நின்று நிறுத்திவிட்டார். மருத்துவத் தன்னார்வலர்கள் ஓடிவந்து படுக்கவைத்து ஐஸ் ஒத்தினார்கள். வெப்பத் தாக்கு ஆரம்பித்திருந்தது, நிறுத்தியது சரி என்றார் அங்கிருந்த டாக்டர். சார் அழுதார். வரும் வழியில் விக்கிரவாண்டியில் காபிக்குக்கூட இறங்கவில்லை. நான்கு நாள் அக்காவோடு பேசவில்லை.

முகம் தெரியாத ஆயிரம் பேர் கை தட்டியிருந்தாலும் அவருக்கு எந்த ஃப்ளாட் என்று அவர்களுக்குத் தெரியாது. நாம் போக வேண்டியது அதற்காகத்தான். பேரும் ஃப்ளாட்டும் மாறிச் சொன்னால், கோணலாக ஓடினால், நெஞ்சு வலி என்று சொன்னால், அதற்கு மேல் "விடாதீங்க" என்று ஒருவரும் கத்தக்கூடாது. பக்கத்திலிருக்கிற மருத்துவ ஆட்களைக் கூப்பிட வேண்டும். இதற்குச் சம்மதிக்கிறவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள்.

சார் இந்த ஜனவரியில் மறுபடி ஓடுகிறார். டாக்டரிடம் பரிசோதனை செய்துகொண்டு, ஐந்து மாதமாக அதிகாலையில் அம்மா மண்டபம் ரோட்டில் பழகுகிறார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: முப்பத்துநான்கில் அக்காதான் நிற்க வேண்டும். அக்கா சரி என்றுவிட்டார், ஃப்ளாட் நம்பரைத் தினமும் மனப்பாடம் பண்ணும்படியும் சொல்லியிருக்கிறார்.

வேனில் பதினான்கு சீட். ஏழு பேர் உறுதி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். கீழே செக்யூரிட்டி மேஜையில் நோட்டு வைத்திருக்கிறது, பெயரோடு ஃப்ளாட் நம்பரும் எழுதுங்கள். செயலாளர் லிஃப்டுக்குத் திரும்பலாம்.