மட்டையின் கணக்கு
கிணத்துக்கடவுத் தென்னை மண்ணும் ஐரோப்பாவின் வட்ட வேளாண்மையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, கிணத்துக்கடவு)

    

தலைப்பைப் பார்த்ததுமே முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் சிலருக்கு நான் எதைப் பேசப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். கருத்தரங்குகளிலும் தேநீர் இடைவேளைகளிலும் பல ஆண்டுகளாக நாங்கள் பேசி முடிக்காத வழக்கு இது. தேங்காய் உரித்த மட்டை நார் மில்லுக்குப் போகிறது. நார் பிரிக்கும்போது மில்லில் விழும் தூளான பித்து கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. இது எதுவும் வீணாகாமல் திரும்பிச் சுழலும் வட்டப் பொருளாதாரமா, அல்லது நம் மண்ணிலிருந்து நடக்கும் வெளியேற்றமா? கேள்வி இவ்வளவுதான். இன்று கணக்கோடு வந்திருக்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் பித்து சாலையோரம் மலைபோலக் குவிந்து கிடந்தது, புகைந்து எரிந்தது. இன்று அதற்கு விலை இருக்கிறது. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் தக்காளியும் வெள்ளரியும் நம் பித்துப் பாளங்களில் வேர்விடுகின்றன. ஐரோப்பாவின் தோட்டக்கலை நெடுங்காலம் கரிச்சதுப்பு மண்ணை வெட்டியெடுத்தே பயிர் வளர்த்தது. அந்தச் சதுப்புகள் பல்லாயிரம் ஆண்டுக் கரிமத்தைப் பூட்டி வைத்திருப்பவை. நம் பித்து அவற்றைக் காப்பாற்றுகிறது. இங்கே விவசாயிக்கு மட்டைக்குக் காசு, தொழிலாளிக்கு வேலை. மண்ணிலிருந்து போன சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை, பொட்டாஷ் உர மூட்டை ஈடு செய்துவிடும். பிறகு என்ன குறை என்று கேட்கிறார்கள்.

சதுப்பு நிலத்தைப் பற்றிச் சொல்வது முழுக்க உண்மை. மறுக்க வேண்டியது மற்றதை.

ஒரு ஏக்கர் மட்டை

நமக்குத் தெரிந்த தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து அடிக்கு இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்றால் 7,000 காய், 7,000 மட்டை. ஆயிரம் மட்டைக்குத் தோராயமாக 80 கிலோ நார் கிடைக்கிறது. ஒரு கிலோ நாருக்கு இரண்டு கிலோ அளவில் பித்து விழுகிறது. ஆக, ஒரு ஏக்கர் தோப்பிலிருந்து ஆண்டுதோறும் அரை டன்னுக்கு மேல் நாரும், ஒரு டன்னுக்குச் சற்று மேலாகப் பித்தும் வெளியேறுகின்றன. காய் எடுத்துச் செல்லும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு பருப்பில் இல்லை, மட்டையில் இருக்கிறது. நம் தாத்தாக்கள் மட்டையைத் தோப்புக்குள்ளேயே புதைத்ததற்கு இது ஒரு காரணம் என்று அவர்களுக்கு வேதியியல் சொல்லவில்லை, மரம் சொன்னது.

மட்டை புதைப்பதை இளைய தலைமுறை பார்த்திருக்காது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். இரண்டு வரிசைக்கு நடுவில் மூன்றடி அகலத்துக்கு, முழங்காலுக்கு மேல் ஆழத்தில் நீளக் குழி வெட்டுவார்கள். மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கடுக்காக வைத்து மண்ணால் மூடுவார்கள். குழிந்த பக்கம் மேலே இருந்தால்தான் மழை நீர் அதில் தங்கும். ஊறிய மட்டை தன் எடையைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மரத்துக்கு 250 முதல் 300 மட்டை. ஒருமுறை புதைத்தால் பலன் ஐந்து, ஆறு ஆண்டு நிற்கும். கோவை வட்டாரத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டியது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்தே வரும். இப்படிப்பட்ட மண்ணில் தென்னை நிற்க வேண்டுமானால், முறைக்கும் முறைக்கும் நடுவில் வேர் குடிப்பதற்கு மண்ணுக்குள் ஒரு தொட்டி வேண்டும். மட்டைக் குழி அந்தத் தொட்டி. இன்று அந்த வேலையைச் சொட்டுநீர்க் குழாய் செய்கிறது என்கிறோம். குழாய் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். பிடித்து வைப்பது மண்ணின் வேலை.

இனி அந்த மட்டையின் இன்றைய பயணம். மில்லில் மட்டையை நனைத்து, அடித்து, நாரைப் பிரிக்கிறார்கள். பித்து களத்துக்குப் போகிறது. ஐரோப்பியத் தோட்டக்காரர் கேட்பது உப்புக் குறைந்த பித்து. வணிகர் வாயில் அது ‘லோ இ.சி.’. அந்த உப்பு என்பது என்ன? சோடியம், குளோரைடு, அவற்றோடு பெருமளவில் பொட்டாசியம். பொட்டாசியம் தாவரத் திசுவில் எந்தச் சேர்மத்தோடும் கட்டுண்டு கிடப்பதில்லை. தண்ணீர் பட்டதும் வெளியே வந்துவிடும். எனவே பித்தைத் திரும்பத் திரும்ப நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள். இன்னும் உயர்ந்த தரம் வேண்டுமானால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, பித்துத் துகளில் ஒட்டியிருக்கும் மீதிப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விரட்டுகிறார்கள். கழுவிய நீர், பழுப்பு நிறத்தில், களத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் இறங்குகிறது.

நண்பர்களே, இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நம் தோப்பு மண்ணின் பொட்டாசியம் நெதர்லாந்துக்குக்கூட முழுதாகப் போய்ச் சேரவில்லை. அது மில்லுக்குப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறது. அங்கே அது உரமாக இல்லை. உப்பாக, நிறமாக, குடிக்க முடியாத நீராக இருக்கிறது. நார்த் தொழிலை, மாசற்றவை என்ற வெள்ளை வகையிலிருந்து மாசு தருபவை என்ற ஆரஞ்சு வகைக்கு மாற்றித் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் ஆணையிட்டதன் பின்னணியில் இருந்தவை இந்தப் பழுப்பு நீரும் தூசியும்தான். அதே வேளையில் மரத்துக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோ பொட்டாஷ் போடச் சொல்லி வேளாண் துறையினராகிய நாமே பரிந்துரைக்கிறோம். ஏக்கருக்கு 140 கிலோ. இந்தியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் கப்பலில் வருகிறது. ஒரே தாலுகாவுக்குள் ஒரு கையால் பொட்டாசியத்தைக் கழுவிக் கிணற்றைக் கெடுக்கிறோம். மறு கையால் கடல் தாண்டி வாங்கி மரத்தடியில் கொட்டுகிறோம். இதற்கு வட்டம் என்று பெயர் வைப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

உடனே என் நண்பர்கள் ஒரு கணக்கைக் காட்டுவார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகப் பகுப்பாய்வின்படி பச்சைப் பித்தில் பொட்டாசியம் 0.78 விழுக்காடு. ஒரு டன்னுக்கு எட்டு கிலோ. ஏக்கருக்கு நாம் போடச் சொல்லும் உரத்தில் உள்ள பொட்டாசியத்தில் இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவே என்பார்கள். கணக்கு சரி, எல்லை தவறு. பித்தில் இருப்பதை மட்டும் எண்ணுகிறார்கள். நாரோடு போனதும், மட்டை ஊறிய நீரில் போனதும் அந்தக் கணக்கில் இல்லை. அதைவிடப் பெரிய விடுபாடு கரிமம். மரத்துக்கு 50 கிலோ தொழுவுரம் என்பதும் நம் பரிந்துரைதான். ஏக்கருக்கு மூன்றரை டன். அந்தத் தொழுவுரத்தைக் கொடுக்கக் கட்டுத்தரையில் மாடு எங்கே? மாடு குறைந்த வட்டாரத்தில் மண்ணுக்குத் திரும்பக்கூடிய அங்ககப் பொருளாகக் கண்முன் குவிந்து கிடப்பது அந்த ஒரு டன் பித்தும் ஓலையும்தான். பொட்டாஷை மூட்டையில் வாங்கலாம். கரிமத்துக்கு மூட்டை இல்லை.

“பச்சைப் பித்தை மண்ணில் போட்டால் பயிர் வெளுக்கும்” என்பது அடுத்த ஆட்சேபம். அதுவும் உண்மை. கரிம–தழைச்சத்து விகிதம் 112க்கு 1. லிக்னின் 30 விழுக்காடு. அப்படியே போட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இதற்கு விடை கண்டது வேறு நாடல்ல, கோயம்புத்தூர். ஒரு டன் பித்துக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து. அடுக்கடுக்காகப் பரப்பி ஈரம் காத்தால் இரண்டு மாதத்தில் விகிதம் 24க்கு 1 என்று இறங்குகிறது. தழைச்சத்து கால் விழுக்காட்டிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கு ஏறுகிறது. இந்த முறையை வகுப்பில் பாடமாக நடத்தியவர்களே, பித்தை மண்ணுக்குத் திருப்ப வழியில்லை என்று மேடையில் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய பாத்திகள்

கரிமத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்பதற்குச் சான்று இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. சைதாப்பேட்டையிலிருந்து வேளாண் கல்லூரி கோவைக்கு இடம் மாறிய சில ஆண்டுகளில், 1909இல், நிரந்தர உரப் பரிசோதனை தொடங்கியது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவரும் சோதனையின் வழியில் அமைந்தது. மானாவாரியில் பழைய சோதனை, 1925 முதல் இறவையில் புதியது. ஒரு பாத்திக்கு எதுவும் இல்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல் சத்தும் சேர்த்து மூன்றும், ஒன்றுக்குத் தொழுவுரம் என்று தலைமுறை தலைமுறையாக மாற்றாமல் இட்டு வந்திருக்கிறார்கள். மூன்று சத்தும் இட்ட பாத்தி விளைச்சலில் தாழ்ந்துவிடவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அங்ககக் கரிமமும் நுண்ணுயிர் வளமும் தொழுவுரப் பாத்தியில்தான் உயர்ந்து நிற்கின்றன. மூட்டை பயிரை ஊட்டும் என்பதும், மண்ணைக் கட்டுவது வேறு பொருள் என்பதும் நூறாண்டுக்கு மேல் அந்தப் பாத்திகளில் எழுதிக் கிடக்கின்றன.

அதற்கும் முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்து அரச வேளாண் சங்கத்தின் வேதியியலாளர் வோல்கர் 1889 இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் சுற்றினார். 1893இல் வெளியான அவருடைய அறிக்கை, எண்ணெய் வித்துகளும் எலும்பும் ஏற்றுமதியாவதை மண்வளத்தின் இழப்பாகவே கண்டது. அன்று வித்தும் எலும்பும், இன்று மட்டை.

ஐரோப்பாவிடம் கேட்க வேண்டியது

ஐரோப்பியர் இதில் எங்கே நிற்கிறார்கள்? தங்கள் மண்ணில் 60 முதல் 70 விழுக்காடு நலமாக இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2020இல் 24 நாடுகள் சேர்ந்து வேளாண் மண்ணுக்கான கூட்டு ஆய்வைத் தொடங்கின. அடுத்து வந்த ஒன்றியத்தின் மண் இயக்கம், 2030க்குள் விவசாயியும் ஆய்வாளரும் ஒன்றாக நடத்தும் 100 ஆய்வுக்களங்களையும் முன்மாதிரிப் பண்ணைகளையும் அமைக்க இலக்கு வைத்திருக்கிறது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது நெதர்லாந்தின் அனுபவம். தென்னமெரிக்காவிலிருந்து சோயாவை இறக்கி மாட்டுக்கும் பன்றிக்கும் கொடுத்தார்கள். அதன் சத்தெல்லாம் சாணமாக அங்கேயே தேங்கியது. 2018இல் அவர்களுடைய வேளாண் அமைச்சகம் வட்ட வேளாண்மையைக் கொள்கையாக அறிவித்தது. மறு ஆண்டே நைட்ரஜன் மாசு பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு நாட்டையே உலுக்கியது. சத்து எந்த நிலத்திலிருந்து புறப்பட்டு எந்த நிலத்தில் சேர்கிறது என்று பார்க்காமல் வட்டத்தைப் பேச முடியாது என்பதை அவர்கள் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். அவர்களிடம் தேங்கியது எங்கோ குறைந்தது என்பது பாடத்தின் மறுபாதி. அந்த மறுபாதியில் இருப்பவர்கள் நாம். நம் பித்தில் பயிர் வளர்க்கும் நாட்டு ஆய்வாளர்களோடு கூட்டு ஆய்வு செய்யும்போது, கணக்கு அவர்கள் துறைமுகத்தில் தொடங்கக் கூடாது. நம் தோப்பில் தொடங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லவில்லை. போவதற்கு ஈடாக எவ்வளவு திரும்புகிறது என்ற பத்தி இல்லாத கணக்கில் கையெழுத்திட மாட்டேன் என்கிறேன்.

மற்றவை

நேரம் ஆகிவிட்டது, மீதியைச் சுருக்குகிறேன். தென்னையின் வேர் வாடல் நோய்க்கு மண்ணே மருந்து என்று யாரும் என் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பைட்டோபிளாஸ்மா நோய். அதற்கான வழி தனி. கிணத்துக்கடவுச் சந்தையில் விலை விழும்போது கொட்டப்படும் தக்காளியும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான். அதை விரிக்க இன்று இயலாது. 2015இல் வந்த மண்வள அட்டையின் பன்னிரண்டு அளவீடுகளில் அங்ககக் கரிமம் ஒரு வரி. நீர்ப்பிடிப்புத் திறன் அந்த வரிசையிலேயே இல்லை. தென்னை வட்டாரங்களுக்காவது அதைச் சேர்க்க வேண்டும்.

இளைய ஆய்வாளர்களுக்குச் சில வேலைகள். ஒரு மில்லில் மட்டை நுழைவது முதல் கட்டி வெளியேறுவது வரை பொட்டாசியத்தை ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து ஒரு முழு வரவுசெலவு எழுதுங்கள். கழுவிய நீரை விட்டுவிடாதீர்கள். அந்த நீரை அளவோடு தோப்புக்கே பாய்ச்ச முடியுமா, சோடியம் எந்த அளவில் செம்மண்ணைக் கெடுக்கும், கரிசலை எந்த அளவில் கெடுக்கும் என்று பாருங்கள். மட்டை புதைத்த தோப்பையும் புதைக்காத தோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குறைந்தது பத்தாண்டு தொடருங்கள். மூன்றாண்டுத் திட்ட நிதி இதற்குப் போதாது, பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். காளான் முறை மட்கை மில் வாசலிலேயே தயாரித்து, மட்டை கொடுத்த விவசாயிக்கு டன்னுக்கு இத்தனை கிலோ என்று திருப்பித் தரும் ஏற்பாட்டை உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஒன்றிரண்டு ஊரில் நடத்திப் பார்க்கலாம். அதன் செலவை ஏற்றுமதி விலையில் சேர்க்க வாங்குபவர் ஒப்புவாரா என்பதைப் பொருளியல் துறையினர் ஆராய வேண்டும். ஓலை, பாளை, நீரா எடுக்கும் மரங்களின் சத்துக் கணக்கு ஆகியவையும் இருக்கின்றன. அவற்றை அச்சில் வரும் பதிப்பில் ஒரு பின்னிணைப்பாகச் சேர்க்க முயல்கிறேன்.