குரல் வந்தது, படம் வரவில்லை
(மயிலாப்பூரில் படத்தொகுப்புப் பயிலும் இளைஞர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அமர்ந்து நீங்கள் தொகுக்கும் படங்களைக் கிராமத்தில் போட்டுக் காட்டுகிறவர்கள் நாம். ஆதலின், பார்ப்பவர் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வந்துள்ளோம்.

சில ஆண்டுகளுக்கு முன், திருந்திய நெல் சாகுபடி பற்றிய படமொன்றைத் தியாகராய நகரில் ஒரு கடையில் தகட்டில் பதிவு செய்து எடுத்துச் சென்றோம். சமுதாயக் கூடத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் 40 பேர் கூடியிருந்தனர். அரைநாள் கூலியை விட்டு வந்தவர்கள். டி.வி.டி. கருவியில் தகட்டை இட்டோம். குரல் கணீரென்று ஒலித்தது. திரையோ இருண்டே கிடந்தது. 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று குரல் சொல்லிக்கொண்டே போயிற்று. நாற்றைப் பிடிக்கும் விரலைக் காட்டாமல் நடவைக் கற்பிப்பது எங்ஙனம்? “ரேடியோ கேட்கவா ஐயா எங்களைக் கூப்பிட்டீங்க?” என்றார் மூதாட்டி ஒருவர். நம்மிடம் விடையில்லை.

தகடு பழுதன்று, கருவியும் பழுதன்று. படம் எச்.264 என்னும் முறையில் சுருக்கப்பட்டிருந்தது. 2003-இல் வந்த இம்முறையைக் கணினி அறியும், செல்பேசி அறியும். அந்தப் பழைய கருவியின் சில்லு அறியாது. ஒலி மட்டும் அது அறிந்த எம்.பி.3 ஆக இருந்தமையால் கேட்டது.

டி.வி.டி.யின் விதிகள் 1990-களில் வகுக்கப்பட்டவை. படம் எம்பெக்-2 முறையில் இருத்தல் வேண்டும். நம் நாட்டில் வழங்கிய பி.ஏ.எல். முறைக்கு 720-க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டங்கள். செல்பேசியில் 30 சட்டங்களாக எடுத்ததை மாற்றிக்கொள்ள வேண்டும். கோப்பை அப்படியே தகட்டில் ஏற்றினால் போதாது, டி.வி.டி. அமைப்பில் அடுக்கி, பதிவை இறுதி செய்து மூட வேண்டும்.

தெளிவு வேண்டுமென்று தகவல் ஓட்டத்தை உச்சத்துக்கு ஏற்றுவது மற்றொரு பிழை. விதி, படத்துக்கு வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை இடந்தருகிறது. ஆயினும் கணினியில் பதிந்த தகட்டை அவ்வேகத்தில் படிக்கத் தேய்ந்த கருவி திணறும். படம் கட்டங்கட்டமாய் உடையும். உச்சம் 8-க்குள் இருப்பது நலம். 4.7 ஜிகாபைட் தகட்டில் இரண்டு மணி நேரம் கொள்ள வேண்டுமெனில், சராசரி எப்படியும் 5-ஐ ஒட்டியே அமையும்.

கணினியில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். பழைய கருவியொன்றை வாங்கி வைத்து, அதில் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.

மறுவாரம் மாற்றிய தகட்டுடன் அதே கூடத்துக்குச் சென்றோம். படம் வந்தது. வந்திருந்தவர்கள் 17 பேர்.