இவர் எங்கே போறார்?



பிள்ளைகளும் தமிழும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் இந்த மேடையில் யாராவது ஒருவர் அதைப் பற்றிப் பேசத்தான் செய்கிறோம். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள் என்று சொல்கிறோம். நீங்களும் கைதட்டுகிறீர்கள். காரில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறது, நாமும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிடுகிறோம். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் இந்த முறை பொம்மையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கொலுப் பொம்மை. அதிலும் படிகளைப் பற்றி அல்ல. படிக்குக் கீழே, தரையில் ஒரு பார்க் கட்டுவோமே, அதைப் பற்றி.

அம்மாக்கள் பக்கம் முகம் மலர்வது இங்கிருந்தே தெரிகிறது. நல்லது.

படிகள் பெரியவர்களுடையவை. கலசம் எங்கே, மரப்பாச்சி எங்கே, தசாவதாரம் எந்தப் படி என்பதையெல்லாம் பாட்டி தீர்மானிப்பாள். செட்டியாரும் அவர் கடையும் கீழ்ப்படியை விட்டு அசைய மாட்டார்கள். பார்க் மட்டும் பிள்ளைகளிடம் விடப்பட்டது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அதற்குத் தலைமை என் பெரியப்பா. மகாளய அமாவாசையன்று அரசலாற்று மணலைச் சலித்து, கூடத்தில் செங்கல் வரிசைக்குள் பரப்புவார். அதில் கடுகு, கேழ்வரகு, வெந்தயம் தூவித் தண்ணீர் தெளிப்போம். மூன்றாம் நாள் பச்சை தலைகாட்டும். சரஸ்வதி பூஜைக்குள் அது ஓங்கி வளர்ந்து கல்யாண ஊர்வலத்தையே மறைத்துவிடும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து புல் வெட்டுவோம். முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். அதன் விளிம்பு தெரியக் கூடாது. மணலாலும் கூழாங்கல்லாலும் கரை கட்டி மறைக்க வேண்டும். தீப்பெட்டியில் வீடு, பல்குச்சியில் வேலி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆனால் பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பார்க்கில் ஒரு பொம்மையை வைத்தால் உடனே கேட்பார்: "இவர் எங்கே போறார்?"

தயிர்க்காரியை நான் கொண்டுபோய் வைப்பேன். "இவ எங்கடா போறா?" "தெருவுக்குப் போறா பெரியப்பா." "எந்த வீட்டுக்கு?" எனக்குத் தெரியாது. "அப்போ அவளைப் பெட்டியிலேயே வை. எந்த வீடுன்னு தெரிஞ்சதும் எடுத்துண்டு வா." கொஞ்சம் யோசித்துவிட்டு, மூலைவீட்டில் கைக்குழந்தைக்காரி இருக்கிறாள், அவளுக்குத் தயிர் வேண்டும் என்று போய்ச் சொன்னால், தயிர்க்காரியின் முகத்தை மூலைவீட்டுப் பக்கம் திருப்பி வைப்பார். அந்த ஒரு திருப்பலில் தெரு உயிர்பெற்றுவிடும். அவள் பார்க்கிற திசையில் நம் கண்ணும் போகும். அங்கே ஒரு வீடு இருக்கும், வாசலில் ஒருத்தி நிற்பாள், அவள் வேறு யாரையோ பார்ப்பாள். பார்க்க வருகிறவர்கள் குனிந்தால் நிமிர மாட்டார்கள்.

போலீஸ்காரர் ஒரு சாண் உயரம், தீப்பெட்டி வீடோ அவர் முழங்காலுக்குக்கூட வராது. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் வாங்கிய பொம்மைகள், அளவு எப்படிப் பொருந்தும்? பெரியப்பா பெரிய உருவங்களை முன்னால் நிறுத்துவார், சிறியவற்றைப் பின்னால் தள்ளுவார், மணல் ரோட்டைப் போகப் போகக் குறுக்குவார். நாலடி மணலில் ஒரு மைல் தூரம் தெரியும். கை உடைந்த தவில்காரர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவரைத் தூக்கிப் போட விட்டதே இல்லை. நாதஸ்வரக்காரருக்குப் பின்னால், உடைந்த பக்கம் மறைகிற மாதிரி நிறுத்தினால் கச்சேரி குறைவில்லாமல் நடக்கும்.

நான் பல நாடுகளில் அருங்காட்சியகங்களைப் பார்த்திருக்கிறேன். பார்வையை எங்கே திருப்புவது, கூட்டத்தில் எங்கே இடைவெளி விடுவது, எதை மறைப்பது என்று பெரிய சிற்பிகள் யோசித்ததைத்தான் அந்தக் கூடத்துத் தரையில் பெரியப்பா யோசித்தார் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். சிறு உருவங்களை வைத்துக் காட்சி அமைப்பது சிற்பக் கலை. குழந்தை விளையாட்டு என்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

நம் முன்னோர் அப்படி ஒதுக்கவில்லை. தாராசுரம் போயிருப்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. எல்லோரும் கல் தேரின் குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் ஒரு சிற்ப வரிசை ஓடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் குந்தி உட்கார வேண்டும். நாயன்மார் கதைகள் அத்தனையும் அங்கே சிறு சிறு கட்டங்களாக இருக்கின்றன, சில கட்டங்களுக்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். ஒன்றில் முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறான். அவ்வளவு பெரிய கோயிலை எழுப்பத் தெரிந்தவர்கள், சொல்ல வேண்டிய கதையைச் சிறிதாகச் சொன்னார்கள். அடுத்த முறை போனால் குழந்தையோடு அந்த வரிசைக்கு முன்னால் உட்காருங்கள். குழந்தையின் கண் உயரத்தில்தான் இருக்கிறது அது.

இந்தக் கலை ஒரு சமயத்தாரின் சொத்தும் அல்ல. மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் பொம்மை செய்கின்றன. அச்சில் களிமண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி, இரண்டு பாதிகளை ஒட்டி, காயவைத்து, மண் என்றால் சுட்டு, வெள்ளை பூசி, பிறகு வண்ணம். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்த அதே கைகள் டிசம்பருக்கு மாதாவையும் சூசையப்பரையும் ஆட்டுக்குட்டிகளையும் செய்கின்றன. எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவ வீடு இருந்தது. அவர்கள் வீட்டுக் குடிலுக்கும் மணல் பரப்பிக் கேழ்வரகு முளைக்கவைப்பார்கள். புல் வெட்ட எங்களையும் கூப்பிடுவார்கள். அங்கே போய் நான் மூன்று ராஜாக்களைக் காட்டி, இவங்க எங்கே போறாங்க என்று கேட்டேன். அந்த வீட்டு அத்தை கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கதை முழுவதையும் சொன்னார்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஜப்பானில் டட்சுயா டனாகா என்று ஒரு கலைஞர். 2011 முதல் தினம் ஒரு குட்டிக் காட்சி அமைத்துப் படம் எடுத்து வெளியிடுகிறார். ப்ரோக்கோலி அவருக்கு மரம். சிலர் தலையாட்டுகிறீர்கள், பார்த்திருக்கிறீர்கள். நாங்கள் தீப்பெட்டியை வீடாக்கியதும் அதே கண்ணால்தான்.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். கம்போடியாவில் ரித்தி பான் என்று ஒரு திரைப்பட இயக்குநர். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படை நாம் பென் நகரைப் பிடித்தபோது அவர் சிறுவன். நகரத்து மக்களையெல்லாம் கிராமங்களுக்கு விரட்டினார்கள். பட்டினியிலும் கடும் உழைப்பிலும் அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தவர்களில் சிலரும் இறந்துபோனார்கள். அந்தக் காலத்தைக் காட்ட ஆட்சியாளர்கள் எடுத்த பிரசாரப் படங்கள் இருக்கின்றன. மக்கள் பட்ட பாட்டுக்குப் படம் இல்லை. 2013இல் அவர் 'காணாமற்போன படம்' என்ற திரைப்படத்தை எடுத்தார். களிமண்ணில் சின்னஞ்சிறு உருவங்கள் செய்யச் சொல்லி, அப்பா, அம்மா, பழைய வீடு, வயல், முகாம் எல்லாவற்றையும் மேசை மேல் காட்சிகளாக அமைத்தார். பொம்மைகள் அசைவதில்லை. கேமராதான் அவர்கள் நடுவே நகர்கிறது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் 'அன் செர்டன் ரிகார்' பிரிவின் முதல் பரிசு அதற்குக் கிடைத்தது. அசையாத மண் பொம்மை முகங்களைப் பார்த்து நான் அழுதேன். நடிகர்கள் நடித்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். நடிகரின் முகம் அவருடையது. மண் பொம்மையின் முகத்தில் நாம் இழந்தவரைப் பார்க்கிறோம்.

இந்த அவையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வர முடியாதவர்கள். நம் சங்கத்து அக்கா ஒருவர் போன மாதம் தேநீர் மேசையில் தன் வீட்டை எனக்குக் காட்டினார். படம் ஏதும் இல்லை, கையால்தான் காட்டினார். சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "இதிலை கிணறு, துலா. இஞ்சாலை மாட்டுக்கொட்டில். சங்கடப்படலை றோட்டுப் பக்கம். கிடுகுவேலிக்குள்ளாலை பக்கத்து வீட்டுப் பிள்ளையள் வருவினம்" என்றார். நாற்சார் வீடு முழுவதும் மேசை மேல் எழும்பி நின்றது. பக்கத்தில் அவருடைய பேரன் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கையில் கொஞ்சம் களிமண்ணைக் கொடுத்து, அம்மம்மா சொல்லுற கிணத்தைச் செய்து தா என்று யாரும் கேட்கவில்லையே என்றுதான் வருத்தம். கேட்டிருந்தால் அவன் திருப்பிக் கேட்டிருப்பான்: துலா எவ்வளவு நீளம்? வாளி எந்தப் பக்கம் தொங்கும்? தண்ணி அள்ளுறது யார்? அம்மம்மாவின் தமிழ் அவனுக்கு அப்போது தேவைப்பட்டிருக்கும். தேவைப்படாத மொழியை எந்தப் பிள்ளை கற்கும்?

பெற்றோர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல வந்தேன். ஊருக்குப் போகும்போது கல்யாண செட், சீமந்த செட், கிரிக்கெட் செட் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறீர்கள். வாங்குங்கள். அந்தக் கலைஞர்கள் வாழ வேண்டும். காகிதக் கூழ்ப் பொம்மை எடையும் குறைவு, விமானத்தில் உடையாமல் வந்து சேரும். ஆனால் செட்டில் யார் எங்கே நிற்பது என்று கடைக்காரரே முடிவு செய்துவிட்டார். பிள்ளை யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. தனித்தனி உருவங்களும் வாங்குங்கள். கீரைக்காரி, கிளி ஜோசியர், குடை பிடித்த ஒரு தாத்தா. அவற்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எட்டி உட்காருங்கள். அழகாக வைக்கிறேன் என்று நடுவில் கையை விடாதீர்கள். கொலுப் படியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் நாம்தான் பார்க்கைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டோம்.

எட்டி உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இவர் எங்கே போறார்? பிள்ளை பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்லும். சொல்லட்டும். திருத்த வேண்டாம். அடுத்த கேள்வியை நீங்கள் தமிழில் கேளுங்கள். எந்த வீட்டுக்கு? அங்கே யார் இருக்கா? அவருக்கு ஏன் கோபம்? நாலாவது ஐந்தாவது கேள்வியில் பிள்ளை உங்கள் வார்த்தையை எடுத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பிக்கும். என் பேத்தியிடம் நான் பார்த்தது இது. அவள் பார்க்கில் கட்டியது கும்பகோணம் இல்லை. இந்த ஊர்ப் பேருந்து நிறுத்தம். பனிச்சட்டை போட்ட தயிர்க்காரி அங்கே நின்று பேருந்துக்குக் காத்திருந்தாள். பேருந்து ஏன் வரவில்லை என்று பேத்தி சொன்ன கதை ஒரு மணி நேரம் நீண்டது.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தலைவர் அவர்களிடம் முன்பே பேசியிருக்கிறேன், அவருக்கும் சம்மதம். அடுத்த ஆண்டு விழாவில் இந்த அரங்கின் சுவரோரம் மேசைகள் போடுவோம். குடும்பத்துக்கு ஒரு பலகை, இரண்டடிக்கு இரண்டடி. வீட்டுப் பெரியவர் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும், பிள்ளை அதைக் கட்ட வேண்டும். தஞ்சாவூர்த் தெருவாக இருக்கலாம், பருத்தித்துறைக் கடற்கரையாக இருக்கலாம், பினாங்குக் கடைத்தெருவாக இருக்கலாம், நாம் இப்போது குடியிருக்கும் தெருவாகவும் இருக்கலாம். எல்லாப் பலகையிலும் ஆள் உயரம் மூன்று அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாசற்கதவு மூன்றரை அங்குலம், கிணற்றுக் கட்டு ஒன்றரை அங்குலத்துக்குள் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அளவு ஒன்றாக இருந்தால் பலகைகளை ஒட்டி வைக்கலாம். பருத்தித்துறையிலிருந்து புறப்பட்ட மீன்காரர் தஞ்சாவூர்த் தெருவுக்குள் நுழையலாம். போட்டி வேண்டாம், பரிசும் வேண்டாம். பலகைக்குப் பக்கத்தில் பிள்ளை நிற்கட்டும். வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

வீட்டில் தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகள் இங்கே நிறைய உண்டு. பேரப்பிள்ளைகள் தொலைவில் இருக்கிற பெரியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சாப்பாட்டுக்கு முன் வாசல் மேசையில் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள், சேர்த்து வைக்கும் வேலை என்னுடையது. சுடாமலே காய்கிற களிமண் இந்த ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. முதல் முப்பது பலகைகளுக்கான ஒட்டுப்பலகையை நான் வெட்டிக் கொண்டுவருகிறேன். அதற்கு மேல் வந்தால் மரவேலை தெரிந்த நண்பர்கள் கைகொடுக்க வேண்டும்.