பெந்தெகொஸ்தே வரை போகட்டும் நோன்பு

கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்றும் தென்னிந்தியத் திருச்சபையார் லெந்து நாட்கள் என்றும் சொல்லும் நோன்புக் காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்புகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு தீர்மானம் சொல்வார்கள்: நாற்பது நாளும் கறி கிடையாது, பீடியைத் தொடமாட்டேன், சீரியல் பார்க்கமாட்டேன். எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்துக்கு இப்படிப்பட்ட தீர்மானங்கள் புதிதல்ல. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களும், செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூருக்கு இருமுடி எடுக்கிறவர்களும், ரம்ஜான் நோன்பு இருக்கிறவர்களும் இங்கே அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். மண்டலம் முழுக்க டாஸ்மாக் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர், மாலையைக் கழற்றிய மறுநாள் அதே கடை வாசலில் நிற்பதையும் ஊர் பார்த்திருக்கிறது. ஈஸ்டர் முடிந்த மறுநாள் பீடிக்கட்டு சட்டைப்பைக்குத் திரும்புவதும் அப்படித்தான். ஆகவே, நோன்பால் பழக்கம் மாறுமா என்று சந்தேகப்படுகிறவரைக் குறை சொல்ல முடியாது. மாறும் என்பதே என் கருத்து. ஆனால் எதையாவது விடுவதோடு நிறுத்தாமல், தினம் செய்ய ஒன்றைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அதைப் பண்டிகைக்கு அப்புறமும் தொடரவேண்டும்.

அதற்கு நல்ல சாட்சி கைப்பிடி அரிசி. சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்கோ ஏழைக்கோ கொடுப்பது. தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் இது காணிக்கை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடியரிசித் திட்டம் என்று இதையே வலியுறுத்தினார். மிசோரம் கிறிஸ்தவர்கள் 1910-இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது. அங்குள்ள சபைகளின் வருமானத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஒரு நூற்றாண்டைத் தாண்டி ஒரு வழக்கம் நிற்கிறதென்றால், பக்தி மட்டுமே அதைத் தாங்கியிருக்க முடியாது. 'இனி நிறையத் தருமம் செய்வேன்' என்று நினைத்துக்கொள்வதில் எப்போது, எவ்வளவு என்பது இல்லை. பிடியரிசியில் இரண்டும் இருக்கின்றன. அரிசிப் பானையில் கை வைத்ததும் ஞாபகம் வந்துவிடுகிறது, அளவும் சிறியது. வீட்டில் வருத்தமோ சண்டையோ இருந்தாலும் சோறு வடித்தாக வேண்டும், அந்தப் பிடியும் தனிப் பானைக்குப் போய்விடும். தீர்மானத்தை மன உறுதியின் மேல் வைக்காமல், ஏற்கெனவே தினம் நடக்கும் ஒரு வேலையின் மேல் ஏற்றிவைத்த கெட்டிக்காரத்தனம் இது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 96 பேர், தினம் நடக்கும் ஏதாவது ஒன்றை அடுத்துச் செய்ய ஒரு சிறு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம் என்பதுபோல. யோசிக்காமலே அது கைக்கு வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதகம் செய்யவில்லை. 'அப்படியென்றால் நாற்பது நாள் போதாதே' என்று கேட்கலாம். உண்மை, பலருக்குப் போதாது. ஆனால் திருச்சபையின் நாட்காட்டி ஈஸ்டரோடு நின்றுவிடவில்லை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை, ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள். ஈஸ்டர் முதல் பெந்தெகொஸ்தே வரை 50 நாள். ஆக 96. முதல் பகுதியை விரதமாகவும் இரண்டாம் பகுதியை விடுமுறையாகவும் நினைத்துக்கொள்வது நாம்தான்.

ஒருமுறை தவறியதும் 'போச்சு, எல்லாம் போச்சு' என்று கைகழுவுகிறவர்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவுபடுத்தலாம். அதிலுள்ள குடவோலை முறையை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். முதல் பராந்தக சோழன் காலத்தில் 919-இல் பொறித்த விதிகளை, அதே ஊர்ச்சபை 921-இல் திருத்தி விரிவாக்கியது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. யார் வாரியத்தில் இருக்கலாம், கணக்குக் காட்டாதவரை என்ன செய்வது என்பதெல்லாம் இரண்டாம் கல்வெட்டில் இன்னும் இறுக்கமாக வருகிறது. கல்லில் வெட்டியதையே இரண்டு வருடத்தில் திருத்தினார்கள் என்றால், நாட்காட்டித் தாளில் எழுதிய தீர்மானத்தைத் திருத்துவதில் என்ன வெட்கம்? தினம் ஒரு மணி நேரம் செபம் முடியவில்லையா, பத்து நிமிடமாகக் குறையுங்கள்.

இதற்குப் பக்தர்கள் பக்கமிருந்து வரும் மறுப்பு வலுவானது. தவக்காலம் மனந்திரும்புதலுக்கானது, அதை உடம்பு இளைக்கவும் நேரத்தை மிச்சம் பிடிக்கவும் பயன்படுத்துவது வியாபாரப் புத்தி என்பார்கள். தன் நலத்தோடு நின்றுவிட்டால் அது சரியான குற்றச்சாட்டுதான். ஆனால் நோன்பு, செபம், தருமம் மூன்றையும் சேர்த்தே வைத்தது மரபு. ஏசாயா நூலின் 58-ஆம் அதிகாரம், பசித்தவனோடு உணவைப் பகிராத உபவாசத்தைக் கடுமையாகவே கண்டிக்கிறது. பீடிக்குப் போகாத காசு எங்கே போகிறது என்று பார்த்தால் போதும், நோன்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு மறுப்பு வயல்வெளியிலிருந்து வரவேண்டியது: நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கும் வீட்டில் இன்னும் எதை விடுவது? எதையும் விடவேண்டாம் என்றே சொல்வேன். கத்தோலிக்கத் திருச்சபையே உண்ணா நோன்பைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாளில், 18 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் கட்டாயமாக்குகிறது. இரவு விளக்கணைக்கும் முன் பிள்ளையை உட்காரவைத்துப் பத்து நிமிடம் படிக்கச் சொல்லிக் கேட்பதும் தவக்காலச் செயல்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நெடுநாளாகத் தினமும் நிறையக் குடிப்பவர், சாம்பல் புதனன்று வைராக்கியமாக ஒரேயடியாய் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கமும் வலிப்பும் குழப்பமும் வரலாம், உயிருக்கே கேடாகலாம். அவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றவர்கள் ஒரே ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, தினம் தவறாத ஒரு வேலையோடு அதை முடிந்துவைத்து, பெந்தெகொஸ்தே வரை கொண்டுபோங்கள்.