புல்லட்டுக்கு டேப்பெட் பார்ப்பது எப்படி?

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது)

பேங்க்கில் லெட்ஜர் எழுதினவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நம் வீதியில் இன்னும் பழைய புல்லட் ஓடுகிறது. அதனால்தான் செயலாளர் பேசச் சொன்னார். ரிக் வண்டி ஊரான திருச்செங்கோட்டில் டேப்பெட் என்ற சொல் யாருக்கும் புதிதல்ல.

சென்னையில் தயாரான புல்லட், காற்றில் குளிரும் எஞ்சின் கொண்டது. ரேடியேட்டர் கிடையாது. உள்ளே இரண்டு வால்வு. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும், மற்றது புகையை வெளியேற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூடும். அவற்றைத் தூக்கும் கம்பிதான் புஷ் ராடு. அதன் அளவைச் சரிசெய்வதுதான் டேப்பெட் செட்டிங்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், 'டிக் டிக்' சத்தம் பொறுக்காமல், சூடு ஆறும் முன்பே டேப்பெட்டை இறுக்கினேன். சத்தம் சுத்தமாக நின்றது. எனக்குப் பெருமை. அன்று நடுராத்திரி எங்கப்பாவுக்கு மூச்சுத் திணறல். உதைத்து உதைத்துப் பார்த்தேன், வண்டி கிளம்பவில்லை. கிக்கரில் அழுத்தமே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பா பிழைத்தார்.

காரணம் இதுதான். சூட்டில் சிலிண்டர் விரிந்து, இடைவெளி கூடும். அப்போது இறுக்கினால், ஆறிச் சுருங்கியதும் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் போய்விடும். அப்படியே ஓட்டினால் வால்வு எரிந்துபோகும். கணக்கு டேலி ஆகவில்லை என்று ஒரு எண்ணைத் திருத்தி டேலி ஆக்கினது போலத்தான் அது.

முறை இதுங்க. வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். காலையில் பிளக்கைக் கழற்றி, வலது பக்க டேப்பெட் மூடியைத் திறங்கள். கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். உள்வால்வு திறந்து மூடிய பிறகு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். புஷ் ராடு விரலால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி சுற்றிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறும்.

வெளிநாட்டுப் பீட்டில் காரும் காற்றில் குளிரும் எஞ்சின்தான். அதற்கும் ஆறிய பிறகுதான் டேப்பெட் பார்க்க வேண்டும். பிற்கால மாடல்களுக்கு அளவு 0.15 மில்லிமீட்டர். ஆனால், 2009-ல் வந்த கிளாசிக் புல்லட்டில் ஹைட்ராலிக் டேப்பெட், அதை நாம் தொட வேண்டியதில்லை.

லேசான டேப்பெட் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். சத்தமே இல்லையென்றால்தான் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஸ்பானர் என்னிடம் இருக்கிறது, விடியற்காலையில் வாருங்கள்.